சக்கரம் நின்ற மதியம்

அந்தக் கரண்ட் பில் ஸ்டெல்லாவுடையது அல்ல. என்னுடையது! கட்டியவள் அவள், ஏச்சு வாங்கியவளும் அவள். எல்லாம் தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

ராயபுரத்தில் ஒரு பழைய வீடு. மாடியில் இரண்டே போர்ஷன்கள். ஒன்றில் நான், விம்கோ நகரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, அம்மா போன பிறகு தனிக்கட்டை. மற்றதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அந்தோணியும் அவன் மனைவி ஸ்டெல்லாவும். ஸ்டெல்லா தையல் வேலை செய்தாள். சிறுவயதிலேயே அவளுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. சீட்டுக் கட்டி மெஷினுக்கு மோட்டார் வாங்கிய பிறகுதான் அவளால் நாள் முழுக்கத் தைக்க முடிந்தது.

எனக்கொரு பழக்கம்... வேலைக்குப் போகும்போது டிவியை அணைக்க மாட்டேன். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். மாலையில் பூட்டைத் திறக்கும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருப்பது போல் இருக்கும். சமையலும் கரண்ட் அடுப்பில்தான். சிரிக்கிறீர்களா? இருட்டு வீட்டில் தனியாக நுழைந்து ஸ்விட்சைத் தடவிப் பழகியவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் வீட்டுக்காரர் மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பலகையைப் பெயர்த்துச் சுவரின் மறுபக்கம் மாட்டினார். தெருமுனை வயர்மேன்தான் செய்துகொடுத்தான். அதற்குப் பிறகு ஸ்டெல்லாவுக்கு வந்த பில், வீட்டு வாடகையை எட்டிப் பிடித்தது.

"நாள் பூரா மோட்டார ஓட்டிகினு கீறியே, பில்லு வராம இன்னா வரும்?" அந்தோணியின் கத்தல் சுவரைத் தாண்டிக் கேட்டது.

மறுநாள் ஸ்டெல்லா என் கதவைத் தட்டினாள். "அண்ணே, நீங்க படிச்சவரு. கரண்ட் ஆபீஸுக்கு ஒரு மனு எய்திக் குடுங்கண்ணே."

எழுதிக் கொடுத்தேன். கூடவே போனேன். இந்த ஜன்னலில் நில், அந்த அதிகாரி வரட்டும் என்று அலைக்கழித்தார்கள். எனக்கு அலுக்கவே இல்லை. அலைந்துவிட்டு வந்தால் மீன் குழம்பு ஊற்றிச் சோறு போடுவாள். அந்தோணி கூட, "சார், உக்காரு சார்" என்று பாயை விரிப்பான். என் கதவைத் தட்ட ஆள் இருந்த நாட்கள் அவை!

ஒரு மாலை என் வீட்டில் மட்டும் கரண்ட் போனது. ஃபியூஸ் போனால் எங்கள் தெருவில் யாரும் ஆளைக் கூப்பிடுவதில்லை. அவரவரே கம்பி சுற்றிக்கொள்வோம். கீழே போய் என் மீட்டரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். மேலே ஸ்டெல்லாவின் குரல்: "ஐயோ, கரண்டு பூட்ச்சே!"

திரும்பச் செருகினேன். அவள் மோட்டார் ஓடியது. அவள் மீட்டரின் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். கருகிய கம்பி அதில் இருந்தது.

லைனை மாற்றிக் கொடுத்துவிட்டான் வயர்மேன்! என் டிவிக்கும் அடுப்புக்கும் அவள் கட்டிக்கொண்டிருந்தாள். என் பில் இறங்கிப்போன காரணமும் அப்போதுதான் புரிந்தது.

கம்பியைச் சுற்றிவிட்டுப் படியேறும்போது சொல்லிவிடத்தான் நினைத்தேன். சத்தியமாக! ஸ்டெல்லா வாசலில் நின்று, "இன்னாண்ணே, நீங்களா புடுங்கனீங்க? வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். டீயைக் குடித்தேன். சொல்லவில்லை.

பணத்துக்காகவா? இல்லை... பணமென்றால் கூட மன்னிக்கலாம். தகராறு தீர்ந்துவிட்டால் அவள் எதற்கு என் கதவைத் தட்டப்போகிறாள்? அதுதான் என் பயம்.

மீட்டரைச் சோதிக்க ஆள் வருவதாகத் தகவல் வந்தது. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தால் மீட்டருக்குள் இருக்கும் சக்கரம் நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் கோளாறு. என் டிவி ஓடினால் அது எப்படி நிற்கும்?

"நீங்களும் கூட இருங்கண்ணே" என்று கெஞ்சினாள் ஸ்டெல்லா. லீவு கிடைக்காது என்றேன். லீவு போட்டேன்! என்ன ஆகிறதென்று காதால் கேட்காமல் வேலைக்குப் போக முடியவில்லை. அவர்கள் எழுவதற்கு முன்பே டிவி, ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கதவை உட்புறம் தாழிட்டு, வியர்வை வழியக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் கீழிருந்து அந்த ஆளின் குரல் கேட்டது. "சக்கரம் நின்னுடுச்சும்மா. மீட்டர் கரெக்டாதான் கீது. நீங்க எரிக்கறதுதான் ஏறுது."

அந்தோணி அன்று கத்தவில்லை. மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டான். அதன்பின் சுவருக்கு அப்பால் மெஷினைக் காலால் மிதிக்கும் சத்தம்... கொஞ்சம் ஓடும், நின்றுவிடும். வலியில் அவள் மூச்சு வாங்குவது கூட எனக்குக் கேட்கும். அப்போதாவது சொன்னேனா?

அப்படியும் பில் குறையவில்லை. கட்ட முடியாமல் கொருக்குப்பேட்டையில் ஓர் அறைக்குப் போய்விட்டார்கள். காலி வீட்டின் மீட்டரில் சக்கரம் சுற்றுவதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, வயர்மேனை வரவழைத்து லைனைச் சரிசெய்தார்.

அட்வான்ஸை வாங்க ஸ்டெல்லா வந்தபோது, நடந்ததை அவர் கீழே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சாருக்கு இன்னாம்மா தெரியும், பாவம்!"

காலை இழுத்து இழுத்து அவள் படியேறி வந்தாள். என் கதவைத் தட்டினாள். திறந்தேன்.

"மீட்டர் பாக்க வந்தன்னிக்கு ஒங்க கதவுல பூட்டு தொங்கலண்ணே. டிவி சத்தமும் இல்ல. ஒடம்பு முடியாம படுத்துகினு கீறீங்கன்னு நெனச்சேன். எயுப்பக் கூடாதுன்னுதான் தட்டல."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அவள் இறங்கிப் போய்விட்டாள்.

பிறகொரு நாள் மோட்டார் வாங்கப் பணம் எடுத்துக்கொண்டு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வரை போனேன். கேட் மூடியிருந்தது. திறந்ததும் எல்லோரும் கடந்து போனார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது டிவியை அணைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். மாலையில் வந்து கதவை உட்புறம் தாழிட்டதும், வெளியே பூட்டு தொங்கவில்லை என்பது நினைவுக்கு வரும். ஆள் உள்ளே இருப்பது தெரிந்து யாராவது தட்டக்கூடும் என்று கொஞ்ச நேரம் நிற்பேன். யாரும் தட்டுவதில்லை.