உள்ளே யாரும் இல்லை

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, உறைபனி பிடித்த கேஸ் சிலிண்டரை இரு கையாலும் உருட்டியபடியே ஸ்டெபானியா கேட்பது ஒரே கேள்விதான்: "உள்ள யாரு இருப்பாங்க?"

கனடாவின் சாஸ்கடூனில், குளிர்காலக் கட்டட வேலைகளுக்கு ஹீட்டர் வாடகைக்கு விடும் கிடங்கு அவருடையது. வயது அறுபத்திரண்டு. தொப்பியின் காதுமூடிகளை எந்தக் குளிரிலும் கட்டமாட்டார். எதிராளி பேசுவது சரியாகக் கேட்க வேண்டுமாம். மற்றவர்கள் முதலில் சூடாக்க வேண்டிய இடத்தின் நீளம், அகலம், உயரம் கேட்பார்கள். நான் பட்டம் வாங்கிய பொறியியலிலும் அதற்குத்தான் சூத்திரம் இருக்கிறது. இவருக்கு அளவெல்லாம் அப்புறம்.

ஆள் இருந்தால் பெரிய ஹீட்டர். அது வேலையிடத்தைச் சுற்றிக் கட்டிய தார்ப்பாய்க்கு வெளியே நின்று எரிந்து, புகையை மேலே விட்டு, சூட்டுக் காற்றை மட்டும் உள்ளே ஊதும். ஆளில்லாத வெறும் மண்ணுக்குத்தான் உள்ளேயே வைத்து எரிக்கும் சின்னது. அதன் சூட்டோடு, வாசனையே இல்லாத விஷமும் வரும். "தீக்கும் மூச்சு வேணும், மனுசனுக்கும் மூச்சு வேணும். பாய இறுக்கிக் கட்டிட்டா எது முந்தும்?" என்பார். அவர் கணவர் அப்படியொரு பாய்க்குள் உட்கார்ந்தபடியே இறந்துபோனதைக் கிடங்கு டிரைவர்தான் எனக்குச் சொன்னார்.

போன ஜனவரியில், மைனஸ் முப்பத்தைந்து டிகிரிக் குளிரில், எங்கள் மேஸ்திரி டுவேன் அவரைக் கூப்பிட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் வண்டி வருகிறது. அஸ்திவார மண் உறைந்து கல்லாகக் கிடக்கிறது. வழக்கமான கேள்விக்கு, "யாரும் இல்ல ஸ்டெபி, வெறும் மண்ணுதான்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அது பொய்யென்று எனக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்குச் சின்ன ஹீட்டரோடு வந்து இறங்கியவர், சிலிண்டரை மாட்டிவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கினார். உள்ளே எங்கள் தொழிலாளி ரோமெலும் அவன் மச்சானும் குந்தியபடி கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் இல்லன்னியே?"

"கம்பி கட்றவங்கதானே. ஒரு மணி நேரம். பத்த வச்சிட்டுப் போ, அவங்களுக்கும் வெரல் மடங்கும்."

பெரிய ஹீட்டர் ஒன்றுகூடக் கிடங்கில் இல்லை. எல்லாம் ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தன. மண் இளகாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும், தன் வேலைக்கே ஆபத்து என்று டுவேன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ரோமெலும் தலை நிமிராமல் சொன்னான்: "பத்த வைங்கம்மா. கை வெறச்சுப் போச்சு."

அந்தக் குரலுக்குத்தான் ஸ்டெபானியா சற்றுத் தயங்கினார். பிறகு குனிந்து, சிலிண்டரிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றித் துண்டுபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"இவங்க வேலைய முடிச்சு வெளிய வரட்டும். அப்புறம் விடிய விடிய எரியட்டும்."

தன் வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு, சூடான இருக்கைப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தார். பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி எடுத்துவந்து, ரோமெல் எழுந்து வந்தால்தான் எட்டும்படி, பாய்க்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.