போயிட்டே இருக்கு

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவரும் ஒன்றை, எந்தக் கணத்திலிருந்து ‘போய்விட்டது’ என்று சொல்லத் தொடங்குவது? தத்துவப் புத்தகங்கள் இந்தக் கேள்வியைப் பல விதமாகக் கேட்டிருக்கின்றன. செவ்வாயக்கா கேட்டதாகத் தெரியவில்லை. கோளரங்கின் வட்டக்கூரையில் விளக்குகள் மங்கும்போது அவர் பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி ஒரு மிடறு குடிப்பார். மைக்கைக் கைக்குட்டையால் துடைப்பார். “எல்லாரும் நல்லா சாஞ்சு உக்காந்துக்கங்க. அப்புறம் கழுத்து வலிக்குதுன்னு என்னைத் திட்டக்கூடாது” என்று இருட்டுக்குள் ஆரம்பித்துவிடுவார்.

சந்திரன், சனி, வால்நட்சத்திரம் என்று மற்ற காட்சிகளெல்லாம் பதிவு செய்த குரலுக்கு எப்போதோ மாறிவிட்டன. செவ்வாய் மட்டும் இவர் வாயில் இருந்தது. பட்டப்பெயர் அப்படி வந்தது. செவ்வாய் என்ற பெயரால் ஒரு குழப்பமும் உண்டு. கோளரங்கத்துக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. வாசல் பலகையில் ‘செவ்வாய் விடுமுறை’ என்று எழுதியிருக்கும். “செவ்வாய்க்கு லீவு விட்டுட்டா நாங்க எதைப் பாக்குறது?” என்று ஒருவர் டிக்கெட் சன்னலில் சண்டை பிடிக்க, உள்ளே இருந்தவர் “வியாழன் உண்டு, வாங்க” என்றாராம். வந்தவர் வியாழன் கிரகத்தைப் பார்க்கும் ஆசையுடன் வியாழக்கிழமை வந்து, இவருடைய செவ்வாயைப் பார்த்துவிட்டுப் போனார். குறை ஒன்றும் சொல்லவில்லையாம்.

அவரைச் சிறந்த பேச்சாளர் என்று சொல்லிவிட மாட்டேன். ‘பாருங்க’ இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. திரையில் ஒன்றுமே இல்லாத நேரத்திலும் பாருங்க என்பார். எண்களில் அவருக்கு நாட்டமில்லை. கோடி என்று வந்தால் “ரொம்ப ரொம்ப காலம் முன்னாடி” என்று கையை வீசிவிடுவார். அந்தக் கை வீச்சும் இருட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் இல்லாமல் போன ஓர் ஆற்றை அவர் சொல்லும்போது, கூட்டம் இருமுவதை நிறுத்திவிடும்.

“இங்க ஆறு ஓடுச்சு, பாருங்க. அந்தத் தடம்தான் இது. இப்ப ஏன் இல்ல? யாரும் களவாடிட்டுப் போகல. இந்தக் கிரகம் சின்னது. அடிவயித்துச் சூடு சீக்கிரமா ஆறிப்போச்சு. உள்ள உருகின இரும்பு சுழண்டுட்டு இருந்த வரைக்கும் அதைச் சுத்தி ஒரு காந்தக் காவல் இருந்துச்சு. சுழற்சி நின்னுச்சா, காவலும் போச்சு. சூரியன்லேர்ந்து எந்நேரமும் ஒரு காத்து வீசுது பாருங்க, நம்ம காத்து மாதிரி இல்ல, மின்சாரம் ஏறின துகள். அது வந்து மேல இருந்த காத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உரசி எடுத்துட்டுப் போயிடுச்சு. இழுத்துப் பிடிக்கவும் இதுக்குத் தெம்பு பத்தல.”

தண்ணீருக்கு வரும்போது குரல் இறங்கும். “காத்துதான் தண்ணிய உக்கார வைக்குது. மேல ஒரு அழுத்தம் இருக்கணும். அது போனா தண்ணி நிக்காது. ஒண்ணு உறையும், இல்ல ஆவியாப் பறக்கும். பறந்ததை வெயில் ரெண்டாப் பிச்சிடும். லேசான பங்கு வானத்துக்குப் போயிடும், திரும்பி வராது. மிச்சம் கொஞ்சம் பனியா இருக்கு, கொஞ்சம் கல்லுக்குள்ள மாட்டிக்கிச்சு.”

எந்த நாளில் இது நடந்தது என்று கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். அதற்கு ஒரு நிரந்தர பதில் வைத்திருந்தார். “நம்ம ஆபரேட்டர் அண்ணன் தலையைப் பாருங்க. முடி எந்த நாள்ல போச்சுன்னு அவரால சொல்ல முடியுமா?”

கட்டுப்பாட்டு மேசையிலிருந்து ஆபரேட்டரின் குரல் வரும்: “என் தலையை விட்டா உங்களுக்கு வேற கிரகமே கிடைக்கலையா?”

“நம்ம பூமிக்கும் இப்படி ஆகுமா?” என்று கேட்பவர்களும் உண்டு. “நம்மகிட்டேர்ந்தும் கொஞ்சம் போயிட்டுதான் இருக்கு. ஆனா நமக்குக் காவல் பலமா இருக்கு. பயப்படாம வீட்டுக்குப் போய் சாப்பிடுங்க.”

கடைசி வாக்கியம் மட்டும் என்றும் மாறாது. வறண்ட சிவப்பு நிலம் கூரை முழுவதும் பரவி நிற்கும்போது, “போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. இன்னும் போயிட்டே இருக்கு” என்பார். விளக்கு வரும்.

சென்ற ஆண்டு அவர் குரல் கரகரக்கத் தொடங்கியது. முதலில் காலையில் மட்டும், பிறகு மாலையிலும். மருத்துவர் பார்த்துவிட்டு, குரல் நாண்கள் தடித்துப் பழுதாகிவிட்டன, இனிக் காட்சிகளில் பேசவே கூடாது, வீட்டிலும் அளந்துதான் பேச வேண்டும், மீறினால் இருப்பதும் நிற்காது என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இருப்பது அக்காவும் மகளும்தான். மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மாத்திரை வாங்க வருபவர்களிடம் நிதானமாகப் பேசுபவளால் அம்மாவிடம் அப்படிப் பேச முடியவில்லை.

“ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் பேசிப் பேசித் தீத்துட்ட. எனக்குன்னு என்னம்மா மிச்சம் வெச்சிருக்க?”

“உன்னைத் திட்டக் கண்ணு போதும்டி.”

“சிரிக்காத. எனக்கு உன் குரல் வேணும்.”

அவர் உதட்டில் விரலை வைத்தார். மருத்துவர் சொன்னதைக் கேட்கிறாராம் என்று ஜாடை காட்டினார். மகள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

கோளரங்க மேலாளர் நல்ல மனிதர். இருக்கும் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்வோம், விடுமுறை நாளான செவ்வாய்க்கிழமைகளில் சிறிது சிறிதாக எடுக்கலாம் என்றார். மருத்துவரும் அரைமனதாகச் சம்மதித்தார். உரையை மேலாளரே எழுதி வந்தார். அதன் கடைசி வரி: ‘இவ்வாறு செவ்வாய் தன் காற்றையும் நீரையும் இழந்துவிட்டது.’

அக்கா பேனாவால் ‘இழந்துவிட்டது’ என்பதை அடித்தார்.

“கதைன்னா ஒரு முடிவு வேணாமாக்கா? கேக்குறவங்க எந்திரிச்சுப் போகணும்ல?”

“கதைக்கு வேணும் சார். இது இன்னும் முடியலையே.”

“மிச்சம் இருக்கறது ஒரு துளிக் காத்து. அதைப் போய் இருக்குன்னு சொல்றதா?”

“அந்தத் துளி போறதுக்குள்ள போச்சுன்னு சொல்லாதீங்க.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் இரண்டு முறை அறுந்தது. மேலாளர் தலையைக் குனிந்து அந்த வரியைத் தானே திருத்தி எழுதினார்.

செவ்வாய்க்கிழமைகள் நகர்ந்தன. காலியான அரங்கில், ஆபரேட்டர் மட்டும் கேட்க, ஆறு ஓடியது, காவல் போயிற்று, தண்ணீர் பறந்தது. கடைசி வரியின் முறை வந்த நாளில் மேலாளரும் வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இந்த இடத்துல கொஞ்சம் சும்மா விட்ருங்கண்ணே.”

“எவ்வளவு நேரம்?” என்றார் ஆபரேட்டர்.

“ஒரு ஆள் ஒரு வரி சொல்ற அளவு.”

“அந்த வரிக்குத்தானேக்கா என்கூட மல்லுக்கு நின்னீங்க!” என்றார் மேலாளர். “பதிவுல அது போகாது சார், அப்படியே நின்னுடும்” என்று அக்கா பிளாஸ்கைத் திருகி மூடினார். பதிவு முடிந்தபின் மேலாளர் டிக்கெட் சன்னலில் உட்காரச் சொன்னபோது அதையும் மறுத்து, தாமதமாக வருபவர்களுக்கு இருக்கை காட்டும் டார்ச் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது காட்சி இப்படித்தான் நடக்கிறது. கரகரப்பு குறைந்த செவ்வாய்க்கிழமைகளில் பிடித்த குரல் கூரையிலிருந்து ஆற்றைச் சொல்கிறது. அதன் சொந்தக்காரர் டார்ச்சை அணைத்துவிட்டுக் கதவோரம் நிற்கிறார். சிவப்பு நிலம் பரவியதும் கூரைக் குரல் நின்றுவிடுகிறது. மைக் இல்லாமல், கதவோர இருட்டிலிருந்து, காற்றும் சொல்லும் பாதிப் பாதியாக அந்த வரி வருகிறது. கடைசி வரிசைகளுக்கு மட்டும்தான் கேட்கிறது. முன்னால் இருப்பவர்கள் ஏதோ கோளாறு என்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

மருத்துவர் அளந்து கொடுத்த பேச்சில் பெரும்பங்கு காட்சிக்குக் காட்சி அங்கேயே செலவாகிவிடுகிறது. மாலையில் வீட்டில் ஜாடைதான்.

ஒரு நாள் மகள் சொல்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்த வரியை அவள் கேட்டாள். கூட்டம் கலைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அக்கா பக்கத்தில் போய் நின்றார்.

“இதை ஏம்மா பதிவு பண்ணல?” என்றாள் மகள். “இந்த ஒண்ணை மட்டும் ஏன்?”

 அக்கா டார்ச்சை எரியவிட்டு, மகள் தடுக்கி விழாமல் இருக்க, இறங்க வேண்டிய படியின் மேல் வெளிச்சத்தைப் பிடித்தார்.