ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பவர்

கம்பத்தில் எங்கள் சங்கீத சபா வருடா வருடம் சித்திரையில் ஏழு நாள் கச்சேரி நடத்துகிறது. இடம், ஒரு கல்யாண மண்டபம். அதன் வாட்ச்மேன்தான் நான் சொல்ல வந்த மனிதர். ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, காதில் செருகிய பீடி. கச்சேரி முழுக்க சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்திலேயே நிற்பார்.

மண்டபத்து ஃபேன்களின் இரைச்சல் மைக்கில் விழும். பாட்டு நன்றாக இருந்தால் அவராகவே ஃபேன்களை நிறுத்திவிடுவார். அந்த வெயிலிலும் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் யாரை அழைப்பதென்று சபாவில் முடிவு செய்வதாகப் பேச்சு.

நான் முதன்முறை பாடியபோது ஃபேன்கள் கடைசிவரை சுற்றின. முடிந்ததும் அவரிடமே கேட்டேன்.

“கொஞ்ச நேரம் நிப்பாட்டியிருக்கலாமேண்ணே?”

“நிப்பாட்டுனா எந்திரிச்சுப் போயிருப்பாக தம்பி. காத்துக்குத்தான உக்காந்திருந்தாக.”

அவர் குரலில் கேலி இல்லை. அக்கறைதான் இருந்தது.

போன வருடம் வேறொருவர் வர முடியாமல் போனதால் மறுபடி என்னை அழைத்தார்கள். இரண்டாவது பாட்டில் ஃபேன்கள் நின்றன. நெகிழ்ந்துபோய் அவரைப் பார்த்தேன்.

“கரண்டு போயிருச்சு தம்பி,” என்றார்.

மைக்கும் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். விடாமல் பாடினேன். பத்து நிமிடத்தில் கரண்டு வந்தது, மைக் வந்தது. ஃபேன்கள் மட்டும் சுற்றவில்லை. ஒருவரும் எழுந்திருக்கவும் இல்லை.

காரணத்தை இன்றுவரை நான் அவரிடம் கேட்கவில்லை. கரண்டு போனபோது அணைத்த சுவிட்சைத் திரும்பப் போட மறந்துவிட்டதாக அவர் சொல்லிவிடக்கூடும்.