தண்ணீர்த் தொட்டி மேல் என் சூப்பர்வைசர்

என் சூப்பர்வைசரைத் தொழிற்சாலைக்கு வெளியே நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவருடைய புது ஜீப் ஒரு செம்பனைத் தோட்டத்து வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அவர் கரையில் நின்று அதைத் திட்டிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, முழங்கால் வரை சேறு. என்னைக் கண்டதும் பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் தாமதமாக வந்திருக்கவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை.

செனாவாங் என்ற ஊரில் நாங்கள் வேலை பார்த்தது பிளாஸ்டிக் வாளி, கூடை அச்சடிக்கும் தொழிற்சாலை. அங்கே மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூடக் கேட்காது. ஆனால் சூப்பர்வைசர் கடைசி வரிசையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதல் வரிசையில் இருக்கும் நான் கையில் இருக்கும் வாளியைக் கீழே போட்டுவிடுவேன். இருபது வருடம் அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி அவர் தொண்டை அப்படி ஆகிவிட்டது. மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்று அவருக்கு மறந்தே போயிருந்தது. "டாய்லெட் எங்க இருக்கு" என்று அவர் கேட்டாலும் எதிரில் இருப்பவர் மன்னிப்புக் கேட்டுவிடுவார்.

எங்கள் ஃபோர்வீல் குழுவில் அவர் வந்து சேருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. காட்டுப் பாதையில் வண்டி ஓட்டுகிற ஆசையில் சேர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும். வெள்ளக் காலத்தில் மட்டும் பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்பு மீட்புப் படையினர், எங்களைக் கூப்பிடுவார்கள். அவர்களுடைய லாரியும் ஆம்புலன்ஸும் போக முடியாத தோட்டத்துப் பாதையில் எங்கள் வண்டிகள் போகும். சாப்பாடு, மருந்து, சில சமயம் ஆட்கள். குழுவில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. என் வண்டிக்கு என் கல்யாணத்தைவிட வயது அதிகம். ஆனாலும் சேற்றில் அது ராஜா.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் சனி வரை என்னைத் திட்டுகிறவரிடம் ஞாயிறன்று வாக்கி டாக்கியில் "பாஸ், ஸ்டியரிங்க நேரா புடிங்க லா" என்று சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. "எல்லாம் எனக்குத் தெரியும்" என்பார். அடுத்த நிமிடம் வண்டி புதைந்துவிடும். நான் போய்க் கயிறு கட்டி இழுப்பேன். இழுக்கும்போது தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்துக்கொள்வேன்.

அந்த ஆண்டின் கடைசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொம்பாவிலிருந்து அழைப்பு வந்தது. பெடாஸ் ஊருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் பாதை மூழ்கிவிட்டது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் மிச்சமிருந்த சில குடும்பங்களில், ரத்தம் கழுவ, அதாவது டயாலிசிஸ் செய்ய, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஓர் அம்மா மாட்டிக்கொண்டிருக்கிறார். நேற்றே போயிருக்க வேண்டும். கால் வீங்கிவிட்டது, மூச்சு வாங்குகிறது. படகுகளெல்லாம் வேறு பக்கம் போயிருக்கின்றன.

நாங்கள் ஐந்து வண்டிகளில் போனோம். சூப்பர்வைசரின் ஜீப் தோட்டத்து நுழைவாயிலிலேயே ஒரு குழியில் இறங்கி முன்சக்கரம் கோணிக்கொண்டது. "பாஸ், நீங்க இங்கயே இருங்க" என்றேன். கேட்டதுபோல் தலையசைத்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது. முதல் முறையாக அவரைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது.

லயத்துக்குப் போகும் பாதை அரை கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் மூழ்கும் வாய்க்கால். போகும்போது வாய்க்கால் ஓரத்துப் புல் தண்ணீருக்கு மேல் நன்றாகத் தெரிந்தது. அதை அடையாளம் வைத்து நான் மட்டும் உள்ளே போய்விட்டேன். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மகன் சிங்கப்பூரில் வேலை. பக்கத்து வீட்டார் நாற்காலியோடு தூக்கி வந்து வண்டியில் உட்கார வைத்தார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியபோது, இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி தண்ணீரில் விழுந்து போயே போய்விட்டது. "வாக்கி டாக்கிய உடம்போட கட்டி வைங்க" என்று ஒவ்வொரு ஞாயிறும் புதியவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்.

திரும்பும்போது தண்ணீர் ஏறியிருந்தது. புல்லைக் காணோம். முன்னால் எல்லாமே ஒரே பழுப்பு. எது பாதை, எது வாய்க்கால் என்று தெரியவில்லை. பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டேன். பின்சீட்டில் அந்த அம்மாவின் மூச்சுச் சத்தம்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"டேய்! எடது பக்கம் வா! எடதுன்னா எது, சோத்தாங்கையா? எடது!"

நுழைவாயில் பக்கம் தோட்டத்துப் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று இரும்புக் கால்களில் நின்றது. அதன் உச்சியில் வெள்ளைச் சட்டையோடு ஒரு கொக்கு மாதிரி சூப்பர்வைசர். மேலேயிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அடியில் பாதையின் கோடு தெரிந்திருக்க வேண்டும். மழையையும் என் இன்ஜினையும் தாண்டி ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"வலது கொஞ்சம்! கொஞ்சம்னு சொன்னேன், எரும! நில்லு! காது என்ன கடன் வாங்கினதா? ரிவர்ஸ் எடு!"

ஒரு பக்கம் சக்கரம் சரிந்து வண்டி சாய்ந்ததை, எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார். ரிவர்ஸ் எடுத்தேன். சக்கரம் மண்ணைப் பிடித்தது. எங்கள் தொழிற்சாலையில் அவர் சொன்னதை மனசுக்குள் முணுமுணுக்காமல் நான் ஒருநாளும் செய்ததில்லை. அன்று செய்தேன்.

பின்சீட்டிலிருந்து அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "யாரு தம்பி அது? என்னால உங்களுக்கெல்லாம் தொந்தரவு. அவரு ரொம்ப கோவப்படுறாரு. நான் வேணும்னா எறங்கிக்கட்டுமா?"

"உங்கள இல்லம்மா, என்னயதான்" என்றேன். அந்த அம்மா நம்பவில்லை.

கரை சேர்ந்து, பெரிய ரோட்டில் நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றினோம். துணைக்கு யார் என்று கேட்டார்கள். இன்னும் ஆட்களை வெளியே கொண்டுவர வேண்டியிருந்ததால் எங்கள் வண்டி எதையும் விட முடியாது. வண்டி இல்லாமல் நின்றது ஒருவர்தான். சூப்பர்வைசர் தொட்டியிலிருந்து இறங்கி வந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. சைகையிலேயே சரி என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த அம்மா கட்டிலில் தெம்பாகச் சாய்ந்திருந்தார். ரத்தம் கழுவி முடித்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் சூப்பர்வைசர், அந்த அம்மாவின் செருப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு.

"தம்பி, இவரு தங்கமான மனுசன்" என்றார் அந்த அம்மா. "நாலு மணி நேரமா கூடவே இருக்காரு. ஒரு வார்த்தை அதட்டிப் பேசல. மனுசன்னா இப்படி இருக்கணும். அங்க ஒருத்தன் கத்துனானே, அவனும் மனுசனா?"

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் என் கண்ணைத் தவிர்த்து, கஷ்டப்பட்டு ரகசியக் குரலில் சொன்னார்: "ஆமாம்மா. மரியாத தெரியாத ஆளு."

நான் வெளியே போய் வராந்தாவில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

திங்கட்கிழமை தொண்டை பாதி திரும்பியிருந்தது. பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு அந்தப் பாதியிலேயே என்னைத் திட்டினார். தொட்டி மேல் ஏறியதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நன்றி சொல்ல நான்கு முறை போனேன். நான்கு முறையும் "வேலையப் பாரு" என்றார்.

இப்போது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஜீப்பை விற்றுவிட்டு ஒரு வேன் வாங்கியிருக்கிறார். வாரம் மூன்று நாள், தோட்டப் பக்கத்திலிருந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ரத்தம் கழுவும் நிலையத்துக்குப் போய் வருகிறார். முழுக்கத் தார் ரோடு. எங்கேயும் புதைவதில்லை.

போன மாதம் ஒருநாள் அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். அந்த அம்மா பின்னால் உட்கார்ந்து, புதிதாக வந்த ஒரு நோயாளிக்கு வெள்ளத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை வளர்ந்திருந்தது. தொட்டி மேல் நின்றவனுக்கு இப்போது மீசையும் குடிப்பழக்கமும் வந்திருந்தன. சூப்பர்வைசர் நேராக ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார். வேனுக்குள் அவர் பேசுவது இன்றுவரை ரகசியக் குரல்தான்.

"அந்த ஆளு இப்ப எங்க இருக்கானோ" என்றார் அந்த அம்மா.

"ரிட்டையர் ஆயிட்டான்மா" என்றார் சூப்பர்வைசர், மிக மெதுவாக.