எட்டு டிவியும் இரண்டு காலும்

பன்னீர் தப்பு செய்யவில்லை. செய்ததாகக் கடை எழுதி வைத்தது. அந்தப் பெயரோடுதான் இன்று காலை சுங்கை சிப்புட்டில் இறந்துபோனான்... மாரடைப்பு.

ஈப்போவில் டிவி ரிப்பேர் கடையில் என் பக்கத்து மேசை. பதினோரு வருஷம். இருவருமே இதற்கென்று பள்ளியில் படிக்காமல், கழற்றிப் பார்த்தே கற்றவர்கள்.

ஒருமுறை காம்பாரிலுள்ள ஒரு தங்கும் விடுதியின் எட்டு டிவிகள் வந்தன. திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் போய்விட்டது. பழைய எல்இடி ஆறு வரிசை. கிடைத்த புதியது நாலு வரிசைதான். வரிசைக்கு ஒரு கால் வைத்து விளக்கை எரியவிடும் டிரைவர் சிப்பில் இரண்டு கால் காலியாக நின்றது.

"சும்மா தொங்க விடக்கூடாதுண்ணே. ரெண்டையும் கிரவுண்டுல கட்டணும்" என்றான் பன்னீர்.

நான் நம்பவில்லை. எதற்கு என்று கேட்டேன்.

"தோட்டத்துப் பெரட்டு மாதிரி லா. காலையில பேர் கூப்பிடுறப்பவே, இந்த ஆள் வரலன்னு சொல்லிடணும். இல்லாட்டி கணக்கெழுதுற கிராணி நாள் பூரா தேடிக்கிட்டே இருப்பாரு."

சிப்பும் அப்படித்தான். இல்லாத விளக்கைத் தேடி வோல்டேஜை ஏற்றும். சூடேறும். கடைசியில் தன்னையே நிறுத்திக்கொள்ளும். வேறு சிப்புக்கு வேறு முறை, கம்பெனி தரும் விவரத் தாளைப் பார்க்க வேண்டும். இந்தச் சிப்பின் தாளில் கிரவுண்ட் என்றுதான் இருந்தது. அந்தத் தாளை அவன் படித்திருந்தான், நான் படிக்கவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். "கிரவுண்டுல கட்டுனா ஷார்ட் ஆயிடும் லா. பெரிய இஞ்சினியரு! எடுத்து விடு, கஸ்டமர் காத்திருக்கான்."

இரண்டு காலிலும் பன்னீர் பற்றவைத்த ஈயத்தை அவனையே எடுக்க வைத்தார். பத்து நிமிடம் போட்டுப் பார்த்தோம். எரிந்தது.

ஒரே வாரத்தில் எட்டும் திரும்பி வந்தன. கொஞ்ச நேரம் எரியும், பிறகு இருட்டு.

'பன்னீர் கைவேலை சரியில்லை' என்று எட்டு ஜாப் ஷீட்டிலும் எழுதினார்கள். விடுதிக்காரரிடமும் அதையே சொன்னார்கள். மறுநாள் அவனுக்கு வேலை இல்லை.

ஸ்பேனர் பையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டே கேட்டான். "அண்ணே, நீங்களாவது ஒன்னைக் கட்டிப் பாருங்களேன்."

கட்டிப் பார்த்தேன். நாள் முழுக்க எரிந்தது. மற்ற ஏழும் அப்படியே. ஷீட்டில் 'சரிசெய்தவர்' என்ற இடத்தில் என் பெயர் ஏறியது.

முதலாளியிடம் சொன்னேன். "பழைய கதைய விடுங்கண்ணே" என்றார். விட்டேன்... அந்தத் தப்பு என் கணக்கு.

நாளை மூன்று மணிக்கு அவனை எடுக்கிறார்கள். அதற்குள்:

முதலாளி வரவேண்டும். மாலை மட்டும் போதாது. அந்த இரண்டு காலையும் கிரவுண்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னது தான்தான் என்று பன்னீர் மகளிடம் தன் வாயால் சொல்ல வேண்டும்.

கடைக் கிளார்க் பரமேஸ் அக்கா அந்த எட்டு ஷீட்டையும் ஃபைலிலிருந்து எடுத்துத் தரவேண்டும். கோப்பு எங்கே என்று கேட்கக் கூடாது. மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு.

எட்டிலும் என் பெயரை அடித்து, அவன் பெயரை எழுத வேண்டியது நான். பேனா எடுத்து வைத்துவிட்டேன்.

போய் வா பன்னீர்.