ஒரு பல் பின்னால்

பஸ் டிப்போவில் அவருக்குச் 'சிம்மாசனம்' என்று பெயர். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் வேலை முடியும்வரை மனிதர் இறங்கமாட்டார். டீகூட ஜன்னல் வழியாகத்தான் வரும். அதே பஸ்ஸில் அதே வயதுக் கண்டக்டரோ முன்னும் பின்னும் நடந்து நடந்து ஈர்க்குச்சியாக இருந்தார்.

"குந்தித் தின்னா குன்றும் மாளும்பாங்க. உங்களுக்கு மட்டும் குன்று வளருதேண்ணே!" என்பார் கண்டக்டர்.

சிம்மாசனமும் சிரித்துவிடுவார். தொப்பை ஸ்டியரிங்கை உரசும்போதெல்லாம் சீட்டை அதன் அடிச்சட்டத்தில் ஒரு பல் பின்னால் தள்ளிக்கொள்வார். உடம்பைக் குறைப்பதைவிட இடத்தைக் கூட்டுவது சுலபம் அல்லவா? இப்படியே வருஷங்கள் ஓடின.

போன மாதம் மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் கைகோத்து நின்றன. உட்கார்ந்தே இருந்தால் நெஞ்சுக்கு ஆபத்து, அடிக்கடி எழுந்து நடக்கவேண்டும் என்றார் டாக்டர்.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா ஸ்டியரிங்கைப் பிடுங்கிடுவாங்கடி. அப்புறம் நான் யாரு?"

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. ஏப்பம் வந்தால்கூட நெஞ்சுவலியோ என்று மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இன்று மதியம் ஒரு பள்ளிக்கூடப் பெண் திடீரென்று குறுக்கே ஓடிவந்தாள். பிரேக்கை மிதித்தார். பாதம் போய்ச் சேரவில்லை. ஷூவின் நுனிதான் பட்டது. இடுப்பைச் சரித்து, காலை நீட்டி, உயிரைக் கொடுத்து அழுத்தினார். பஸ் அவளை உரசாத குறையாக நின்றது.

"டிரைவர் புண்ணியத்துல பிள்ளை பொழைச்சுது!" என்று பஸ்ஸே அவரைப் புகழ்ந்தது. அவரோ குனிந்து பிரேக்குக்கும் தன் ஷூவுக்கும் நடுவே இருந்த இடைவெளியையே பார்த்தார்.

டிப்போவுக்கு வந்ததும் சீட்டை முன்னால் இழுத்துப் பார்த்தார். கால் பிரேக்கில் நன்றாகப் பதிந்தது. ஆனால் ஸ்டியரிங் வயிற்றில் புதைந்து அசைய மறுத்தது. கை பழக்கதோஷத்தில் மறுபடி சீட்டைப் பின்னால் தள்ளப் போனது. அந்தப் பெண்ணின் முகம் கண்முன் வந்தது. கையை எடுத்துவிட்டு மெல்லக் கீழே இறங்கினார்.

"என்னண்ணே, அதிசயமா இறங்கிட்டீங்க? அடுத்த ட்ரிப் இருக்கே!"

"வேற ஆளை எடுக்கச் சொல்லுப்பா. எனக்குக் கால் எட்டல. வா, மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்."

இருவரும் நடந்தார்கள். பாதி வழியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. தினமும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு கடக்கிற அதே முற்றம்தான்.

"ஆபீஸ் இவ்வளவு தூரமாப்பா?" என்றார்.

கண்டக்டருக்குக் கேலி வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.