சிவப்பு ஜோடி, பழுப்பு ஜோடி

பார்லரில் அவளுக்குப் பெயர் கல்வெட்டு. வைத்தது முதலாளியம்மா. ஒரே ஒரு முறை வந்து போனவர் ஒரு வருடம் கழித்து வந்தாலும், "போன தடவை மூட்டு வலின்னு சொன்னீங்களே மேடம், இப்ப தேவலையா?" என்று கேட்பாள். கேட்கப்பட்டவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அரை அடி உயர்ந்துவிடுவார். பக்கத்துத் தெருவில் பளபளவென்று பெரிய பார்லர் திறந்த பிறகும், மூன்றே நாற்காலி உள்ள இந்தக் கடை ஈயோட்டாமல் இருப்பதற்கு அவள்தான் காரணம் என்று முதலாளியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உண்மை வேறு. அவளுக்கு முகங்கள் மனதில் நிற்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளைக் கடைத்தெருவில் பார்த்து, யாரோ என்று விலகிப் போயிருக்கிறாள். திமிர் பிடித்தவள் என்ற பேர்தான் மிச்சம். வேலைக்கு வந்த புதிதில், காலையில் முடிவெட்டிவிட்டுப் போனவர் மறந்துவைத்த குடையை எடுக்க மாலையில் வந்தபோது, "வாங்க மேடம், முதல் தடவையா?" என்று கேட்டுத் தொலைத்தாள். அன்று வாங்கிய திட்டுக்குப் பிறகுதான் டைரி வந்தது.

செல்போனில் பேச மட்டுமே முடிந்த காலம் அது. அவள் கணவன் ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் வேலை செய்தான். அங்கே விலைக்கு வந்த பழைய டிஜிட்டல் டைரி ஒன்றை வாங்கிவந்து கொடுத்தான். உள்ளங்கை அளவு, சாம்பல் திரை, எழுதுவதற்கு ஒரு குச்சி. எட்டு வருடத்தில் அதில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம்: கலர் எண், அதோடு கலக்கும் டெவலப்பர் திரவம் எவ்வளவு, எத்தனை நிமிடம், தலை அலசும் தண்ணீர் எவ்வளவு சூடு. அதற்குக் கீழே மற்றவை. 'மகள் ஒன்பதாம் வகுப்பு, கணக்கு வராது.' 'தங்கையைப் பற்றிக் கேட்காதே.' 'காபி குடித்து முடிக்கும் வரை பேசாதே.' முன்மேசை நோட்டில் பெயரைப் பார்த்துக்கொண்டு, துண்டு எடுக்கும் சாக்கில் பின்னறைக்குப் போவாள். அரை நிமிடம்தான். திரும்பி வரும்போது கல்வெட்டாக வருவாள்.

இது கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

டைரிக்கு இரண்டு சின்ன பேட்டரி வேண்டும். அவள் பார்க்கிற பார்வைக்குப் பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். தீர்ந்ததைக் குப்பையில் போடும்போதெல்லாம் கணவன் முகம் சுளிப்பான். ஒருநாள் ஒரு சார்ஜரும் நான்கு ரீசார்ஜ் பேட்டரிகளும் கொண்டுவந்தான்.

"இனிமே கடைப்பக்கமே போக வேணாம். ரெண்டு உள்ள ஓடும், ரெண்டு சுவத்துல தொங்கும்."

"நாலும் ஒரே மாதிரி இருக்கேங்க. எது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"மனுஷங்களையே தெரியல, பேட்டரியையா தெரியப்போகுது உனக்கு?"

"சொல்லிக் காட்டுறீங்களா?"

"ஐயையோ, அடையாளம் போட்டுக்கோன்னு சொன்னேம்மா. ஜோடி மாறக் கூடாது. ஒண்ணு வலுவாவும் ஒண்ணு சோப்ளாங்கியாவும் சேர்ந்தா ரெண்டுமே வீணாப் போயிடும்."

"நம்ம வீட்டு மாதிரியா?"

"இதுல சோப்ளாங்கி யாரு?"

"அதை வாயால வேற சொல்லணுமாக்கும்" என்றபடி நகப்பூச்சு பாட்டில்களை எடுத்தாள். இரண்டுக்குச் சிவப்புப் பொட்டு, இரண்டுக்குப் பழுப்புப் பொட்டு.

பேட்டரியைக் கழற்றினால் ஒரு நிமிடம்தான் டைரி தன் நினைவைப் பிடித்துவைத்திருக்கும். அதற்குள் அடுத்த ஜோடியைப் போட்டுவிட வேண்டும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு மாற்றுவாள். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

ஆனால் புது பேட்டரி போட்ட முதல் நாளே அளவு பாதி என்று காட்டியது. நாலைந்து நாளில் 'பேட்டரி குறைவு' என்று கட்டம் கட்டிக் கத்தியது. பதறிப்போய்க் கணவனிடம் காட்டினாள்.

"அது பொய் அழுகைம்மா. இந்த பேட்டரிக்கு வலு கொஞ்சம் கம்மி. டைரி பழைய பேட்டரியை மனசுல வச்சுக்கிட்டு அழுவுது. இது கடைசி வரைக்கும் ஒரே சீரா நிக்கும்."

"கடைசியில?"

"கடைசியில பொத்துன்னு விழும். அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை தவறாம மாத்திடுன்றேன்."

ஞாயிறு தவறாமல் மாற்றினாள். இடையில் வரும் கட்டத்தைக் குச்சியால் தட்டி மூடிவிடப் பழகிக்கொண்டாள். ஒன்றரை வருடம் ஒரு வம்பும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணன் போன் செய்தான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. பையில் துணியைத் திணிக்கும்போது டைரி வழக்கம்போல் அழுதது. தட்டி மூடி, பார்லரில் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள். தொடாமல் வைக்கிற பொருள் தீராது என்பது அவள் எண்ணம். பழைய பேட்டரி என்றால் அப்படித்தான், ஒரு மாதம்கூடத் தூங்கும். இந்த ஜாதி பேட்டரி சும்மா இருந்தாலே உள்ளுக்குள் ஒழுகும் என்பதைக் கணவன் சொன்னதில்லை. எட்டு வருடத்தில் அவள் டைரியை விட்டு இரண்டு நாள் இருந்ததில்லை; சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

அம்மாவை நடக்கவைத்துவிட்டுப் பதினெட்டு நாள் கழித்து வந்தாள். பின்னறையில் டைரியைத் திறந்தாள். திரை இருட்டு. வீட்டு சார்ஜரிலிருந்து எடுத்துவந்திருந்த பழுப்பு ஜோடியைப் போட்டாள். வெளிச்சம் வந்தது. ஒரு சிலுவைக் குறி தோன்றி, இங்கே தொடு என்றது. தொட்டாள். வாங்கிவந்த முதல் நாளும் இதைத்தான் கேட்டது. அப்புறம் தேதி கேட்டது, என்றோ போன ஒரு ஜனவரி முதல் தேதியைக் காட்டி. பெயர்ப் பட்டியலில் ஒருவரும் இல்லை.

முன்மேசை போனில் கணவனைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நான்தான்மா... அந்த எழவு பேட்டரியை நான்தான்..."

"இப்ப அதுக்கு நேரமில்லைங்க. திரும்ப எடுக்க வழி இருக்கா?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்தா உண்டு."

அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வைத்துவிட்டாள்.

"அக்கா, உங்க பேங்க் மேடம் வந்தாச்சு" என்று புருவத்துக்கு நூல் இழுக்கும் பெண் குரல் கொடுத்தாள். "பதினெட்டு நாளா கல்வெட்டு எங்கே, கல்வெட்டு எங்கேன்னு உயிரை எடுத்துட்டாங்க. வேற யாரும் தலையில கை வைக்கக் கூடாதாம்."

முதல் நாற்காலியில் நடுவகிட்டில் இரண்டு விரல் வெள்ளையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நூல்காரி சொல்லியிராவிட்டால் இவர் வங்கி மேலாளரா, வழி கேட்க வந்தவரா என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

"வா வா. சாயங்காலம் எனக்கு ஆபீஸ்ல பிரிவு உபசாரம். மேடை, போட்டோ, எல்லாம் இருக்கு. வழக்கமா போடுறதைப் போட்டுடு."

வழக்கமாகப் போடுவது எது? முடி நிறத்தைப் பார்த்து எண்ணைக் கிட்டத்தட்ட ஊகித்துவிடலாம். கிண்ணத்தைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். அப்போதுதான் அது உறைத்தது. நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தாள். வேறொரு கடையில் கலர் போட்டு, கண் மூடிப்போகிற அளவுக்கு முகம் வீங்கி, ஆஸ்பத்திரியில் படுத்த ஒருவர். அவருக்கு எதைப் போடக் கூடாது என்பது அங்கே இருந்தது. அவர் யார் என்பதும் அங்கேதான் இருந்தது.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மேடம், உங்களுக்கு என்ன போடுறதுன்னு எனக்கு ஞாபகம் இல்லை."

மேலாளர் சிரித்தார். "விளையாடாதே. உனக்கா?"

"நெஜமா இல்லை மேடம். எப்பவுமே இருந்ததில்லை. எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தேன். இன்னிக்கு அழிஞ்சுபோச்சு."

முதலாளியம்மா சீப்பும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள். நூல்காரி வாயில் கடித்திருந்த நூல் தொங்கியது.

"அப்ப, என் பொண்ணு பேரு?"

"தெரியாது மேடம்."

"போன தடவை அவளுக்குப் பரீட்சைன்னு கேட்டியே?"

"உள்ள போய்ப் படிச்சுட்டு வந்து கேட்டேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

மேலாளரின் முகம் கண்ணாடியில் சுருங்கியது. கோபமா வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலாளியம்மா வேகமாகக் கிட்டே வந்து, "மேடம், அவ அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அந்தக் குழப்பத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க சும்மா இருங்கம்மா" என்றார் மேலாளர். கண்ணாடியைப் பார்த்துத் தன் வெள்ளை வகிட்டை விரலால் தடவினார். பிறகு, "எங்க வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமா எழுதியும் வைக்கலை, கேக்கவும் இல்லை" என்றார்.

நூல்காரிதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் மேலாளரும் சிரித்தார்.

"சரி, இப்ப என்ன பண்ணலாம்?"

"காதுக்குப் பின்னால ஒரு பொட்டு கலர் வச்சுப் பாக்கணும் மேடம். ரெண்டு நாள் பொறுக்கணும். ஒத்துக்குச்சுன்னா போடுறேன்."

"என் விழா இன்னிக்குடி!"

"வெள்ளை தெரியாமப் பண்ணி அனுப்புறேன். அது என் பொறுப்பு."

நேர்வகிட்டைக் கலைத்தாள். சீப்பு நுனியால் கோணல்மாணலாக வகிடு எடுத்து, உச்சி முடியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, பின்னால் கொண்டை போட்டாள். நாற்பது நிமிடம் பிடித்தது. மேலாளர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பழுப்புப் பொட்டோடு எழுந்து போனார்.

"இனிமே வருவாங்கன்னு நினைக்கிறியா?" என்றாள் முதலாளியம்மா.

"தெரியலைம்மா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்டி நீ."

அன்று வந்த மற்ற ஐந்து பேரிடமும் அவள் அதையே சொன்னாள். ஒருவர் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு பெரிய பார்லருக்குப் போய்விட்டார். மூவர் பொட்டு வைத்துக்கொண்டார்கள். ஐந்தாமவர், "நானே உன்னை வேற யாரோன்னுதான் நினைச்சேன், போன தடவை குண்டா இருந்தியே" என்றார்.

மேலாளர் வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை மதியம், கூட்டமில்லாத நேரத்தில் வந்தார். காதை மடக்கிக் காட்டினார். சிவக்கவில்லை, அரிக்கவில்லை. நட்சத்திரக்காரர் இவர் இல்லை.

கலரைக் குழைத்து முதல் கோட்டைப் பிரஷால் இழுத்தபோது மேலாளர் கண்ணாடியைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

"பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சாச்சு. கணக்குல தப்பிச்சுட்டா. ஆனா இப்ப மேல படிக்க மாட்டேன்னு ஒரு புதுக் கூத்து. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே..."

"ஒரு நிமிஷம் மேடம்."

அவள் பிரஷைக் கிண்ணத்தில் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். முன்மேசையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துவந்து, கண்ணாடிக்கு முன்னால், மேலாளர் பார்க்கவே விரித்து வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க. பொண்ணு பேர்ல இருந்து."